பள்ளிச் சீருடையும் படைச் சீருடையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் இரயில்வே குடியிருப்பில் அடுத்த வீட்டு அன்பர் தம் புதல்வனுடன் என் இல்லம் வந்தார். பையன் பதினொன்றாம் வகுப்பில் பயில்பவன். “பள்ளிக்கூடம் வேண்டாம், பட்டாளத்தில் சேரப்போகிறேன் என்கிறான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள், தம்பி” என்றார்.

நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் கடைநிலை ஊழியனாய்ச் சேர்ந்து, பின்னர் துறைத் தேர்வு எழுதி எழுத்தராக உயர்ந்தவன். நின்றுபோன படிப்பின் அருமையை நன்கறிவேன். எனினும், நாட்டுக்கு உழைக்கும் ஆசையைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழிகளை மட்டும் விளக்கினேன்.

பள்ளி மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்க வாயில்கள் இரண்டு. ஒன்று, 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அக்னிபத் திட்டம். 17½ வயது நிரம்பி, பத்தாம் வகுப்பில் உரிய மதிப்பெண் பெற்றோர் படைவீரராகச் சேரலாம். பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரையே தொடர்ந்து பணியாற்றத் தேர்ந்தெடுக்கப்படுவர். ஏனையோர் சேவா நிதித் தொகையுடன் வீடு திரும்புவர். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. பணியிலிருந்தவாறே பன்னிரண்டாம் வகுப்புச் சான்று பெற வசதி உண்டு என்பதையும் கூறுதல் நேர்மை.

மற்றொன்று, பூனேயை அடுத்த கடக்வாஸ்லாவில் 1955 முதல் இயங்கிவரும் தேசியப் பாதுகாப்பு அகாதமி. இதற்கான தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும்போதே விண்ணப்பிக்கலாம். வயது 16½ முதல் 19½ வரை. தரைப்படைக்கு எப்பாடப் பிரிவாயினும் போதும். கடற்படை, விமானப்படைகளுக்குப் பௌதிகம், இரசாயனம், கணிதம் பயின்றிருத்தல் வேண்டும். மூன்றாண்டுப் பயிற்சியின் செலவை அரசே ஏற்கிறது. முடிவில் பட்டமும் கிட்டும். பெண்களும் இங்குப் பயிலலாம். அவர்களுள் முதல் 17 பேர் 2025ஆம் ஆண்டில் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

பையன் மெல்லக் கேட்டான்: “மாமா, அந்த இருபத்தைந்து பேரில் நான் ஒருவனாக இருக்கக் கூடாதா?”

“இருக்கலாமப்பா. ஆனால் மற்ற எழுபத்தைந்து பேரும் இப்படி எண்ணித்தானே சேர்ந்திருப்பார்கள்? மேலும், உனக்கு இப்போது பதினாறு வயது. அந்த வாயில் திறக்கவே இன்னும் ஒன்றரை ஆண்டு ஆகும். அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடலாமே. பள்ளியை விட்டுவிட்டு இடையில் என்ன செய்வாய்?”

அவன் கண்கள் கலங்கின. “அக்கா கல்யாணக் கடனுக்கு அப்பா வட்டி கட்டுகிறார், மாமா. நான் சம்பாதித்தால்...” என்று நிறுத்திக்கொண்டான். தந்தை பேச்சற்று நின்றார். மகன் மனத்தில் இந்தச் சுமை இருந்ததை அவர் அதுவரை அறியவில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் வீட்டுக் கவலையைச் சொல்லாமலே சுமக்கிறார்கள். படையில் சேர விழைவோரைத் தடுக்க வேண்டாம். ஆயின் “ஏன் இந்த அவசரம்?” என்று பெற்றோர் ஒருமுறை அன்புடன் கேட்பார்களாக. கடனை அடைப்பது பெரியவர் பொறுப்பு. பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பது பிள்ளையின் பொறுப்பு.

மறுநாள் காலை, பையன் புத்தகப் பையுடன் பள்ளிக்குச் செல்வதைக் கண்டேன். உடன் அவன் தந்தையும் நடந்துகொண்டிருந்தார்.