மிளகாய்க்குள் இருக்கும் மிளகு

அரியலூர் மாவட்டம் மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளங்களை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் ராஜேந்திரன் அங்கிருந்து ஆண்டபோது அவன் சமையற்கட்டில் ஒரு மிளகாய்கூட இருந்ததில்லை. மிளகாய்ச் செடி அப்போது அமெரிக்கக் கண்டத்தில் மட்டுமே விளைந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, போர்த்துகீசியர் வழியாகத்தான் அது நம் கரைக்கு வந்தது.

அதற்கு முன் நம் சமையலுக்கு உறைப்பைத் தந்ததில் முதலிடம் மிளகுக்கு. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட நிவந்தங்களில்கூட மிளகு உண்டு. கடல் கடந்து வந்த புதிய காயைக் கடித்தவர்களுக்கு மிளகின் நினைவு வந்திருக்கிறது. மிளகு போல் உறைக்கும் காய் ‘மிளகுகாய்’, பேச்சில் தேய்ந்து ‘மிளகாய்’. தெலுங்கரின் மிரப்பகாயும் கன்னடரின் மெணசினகாயியும் இப்படிப் பிறந்தவையே. மலையாளத்தில் முளகு என்ற பெயரையே மிளகாய் எடுத்துக்கொள்ள, பழைய மிளகு ‘குருமுளகு’ ஆயிற்று. இலங்கைத் தமிழர் பலர் கொச்சிக்காய் என்கிறார்கள். கொச்சித் துறைமுகம் வழியாக வந்ததால் அப்பெயர் என்பது வழக்கு.

பெரம்பலூர்க் காடுகளில் சின்ன வெங்காயத்தோடு விளையும் மக்காச்சோளமும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதற்கும் நம் பழைய சோளத்தின் பெயரையே கொடுத்திருக்கிறோம்.

தாவரவியல்படி மிளகுக்கும் மிளகாய்க்கும் உறவே இல்லை. மிளகு ஒரு கொடி; மிளகாயோ கத்தரி, தக்காளிக் குடும்பத்துச் செடி. மிளகின் உறைப்பு பைப்பரின், மிளகாயின் உறைப்பு கேப்சைசின். ஆனால் நாக்கு ஏமாறவில்லை. சூட்டை உணர்த்தும் டிஆர்பிவி1 என்ற புரதம் நம் நரம்பு முனைகளில் இருக்கிறது. கேப்சைசின் தூண்டுவது அதைத்தான் என்று அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் கண்டறிந்தார்கள். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிளகின் பைப்பரினும் அதே புரதத்தைத் தூண்டுகிறது, வீரியம்தான் குறைவு. ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் நாவை மட்டும் நம்பி வைத்த பெயர் இவ்வளவு சரியாக அமைந்ததை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கேப்சைசின் பெரும்பாலும் விதையில் இல்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில் இருக்கிறது. அது தண்ணீரில் கரையாது. எனவே உறைப்பு தலைக்கேறினால் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்காதீர்கள். பாலோ தயிரோ சாப்பிடுங்கள். அவற்றிலுள்ள கேசின் புரதம் எரிச்சலைத் தணிக்கும்.

குண்டு, சம்பா, ஊசி, காந்தாரி என்று மிளகாய்க்கு ஊருக்கு ஊர் எத்தனையோ பெயர்கள். உங்கள் ஊரில் வழங்கும் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.