வர்ணப் பெட்டியுடன் யுத்தத்துக்குப் போனவர்கள்

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் குழந்தை இருந்தால் போஸ்டர் கலர் புட்டிகளோடு உங்களுக்கு நல்ல பழக்கம் இருக்கும். சட்டையில் நீலம், தரையில் சிவப்பு, கதவுப் பிடியில் பச்சை! துடைத்துக்கொண்டே திட்டியும் இருப்பீர்கள். ஆனால் அந்த வர்ணத்தின் ஒரு விசேஷ குணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கறுப்பு வானத்தைத் தீட்டி உலர்த்திவிட்டு, அதன் மேலேயே வெள்ளையால் நிலாவை வைத்தால், நிலா பளிச்சென்று நிற்கும். சாதாரண நீர்வர்ணத்தில் இந்த வித்தை நடக்காது. அதில் வெள்ளை வேண்டுமென்றால் காகிதத்தில் முன்கூட்டியே இடம் விட்டுவைக்க வேண்டும்.

போஸ்டர் கலருக்கு ஓர் அக்கா உண்டு. அவள் பெயர் குவாஷ். வர்ணப் பொடி, வேலம் பிசின், தண்ணீர், இவ்வளவுதான் பக்குவம். பொடியைத் தாராளமாகச் சேர்ப்பதால் அடியில் இருப்பதை அது மூடிவிடும். நம் முகலாய, ராஜபுத்திரச் சிற்றோவியங்கள்கூட இந்த இனத்தைச் சேர்ந்தவைதான்.

அக்காவுக்குச் சில பிடிவாதங்களும் உண்டு. ஈரத்தில் பார்த்த நிறம் உலர்ந்தபின் இராது. வெளிர் நிறம் சற்றுக் கறுக்கும். கரிய நிறம் சற்று வெளுக்கும். தடிமனாக அப்பினால் வெடித்துவிடும். ஆனாலும் எண்ணெய் வர்ணத்தைப் போல் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம், நிமிஷங்களில் உலர்ந்துவிடும். ஒரு சிறு பெட்டி, ஒரு புட்டித் தண்ணீர், நாலு தாள் காகிதம் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து தீட்டலாம்.

இடிந்து விழுந்த ஊரின் நடுவிலும் உட்கார்ந்து தீட்டலாம். தீட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஓவியருக்கு என்ன வேலை?

1939-ல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. லண்டன் தேசியச் சித்திர சாலையின் தலைவராக இருந்த கென்னத் கிளார்க்குக்கு அப்போது வயது 36. யுத்தத்தைச் சித்திரமாகப் பதிவு செய்ய ஒரு குழு வேண்டும் என்று சர்க்காரிடம் வாதாடி, அதை அமைத்தும்விட்டார். 400-க்கும் மேற்பட்ட ஓவியர்கள் அந்தக் குழுவுக்காகத் தீட்டினார்கள்.

“காமிரா இருக்கும்போது ஓவியர் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். அங்கே என்ன இருந்தது என்பதைக் காமிரா சொல்லிவிடும். பார்த்தவர் மனம் என்ன பாடுபட்டது என்பதைச் சொல்லத் தூரிகை வேண்டியிருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. ஓவியர்களைச் சாவிலிருந்து காப்பாற்றுவதும் தம் நோக்கம் என்று கிளார்க் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அந்த நோக்கம் முழுதும் நிறைவேறவில்லை.

தட்டெழுத்துப் பெண்

1940 நவம்பர் 14-ந் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் கவென்ட்ரி நகரின்மீது விடிய விடியக் குண்டு பொழிந்தன. 500-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பல நூற்றாண்டுகளாக நின்ற புனித மைக்கேல் தேவாலயத்தில் வெளிச் சுவர்களும் கோபுரமும்தான் மிஞ்சின.

மறுநாள் அங்கே வந்து சேர்ந்தார் ஜான் பைப்பர் என்ற ஓவியர். பழைய கோயில்களென்றால் அவருக்கு உயிர். சில வருஷங்களுக்கு முன்பு கடற்கரைகளில் உட்கார்ந்து வர்ணக் காகிதங்களைக் கிழித்து ஒட்டி, அலையையும் மணலையும் காட்சியாக்கியவர். இப்போது குண்டு விழுந்த தேவாலயங்களைத் தீட்டும் பொறுப்பு அவருக்கு.

ஆனால் சுற்றிலும் இடிபாடுகளில் சடலங்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நடுவே படம் வரையும் தாளை எப்படி விரிப்பது? பைப்பருக்குக் கூச்சமாகிவிட்டது. அப்போது எதிரே ஒரு வக்கீல் அலுவலகம் கண்ணில் பட்டது. வக்கீலின் மகனான அவருக்கு அந்த மாதிரி இடம் புதிதல்ல. உள்ளே போனார். ஒரு பெண் ஒன்றுமே நடக்காததுபோல் ஜன்னலருகே தட்டெழுத்து அடித்துக்கொண்டிருந்தாள்! அவர் விஷயத்தைச் சொன்னதும், அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அந்த ஜன்னல் வழியாகப் பைப்பர் எடுத்த குறிப்புகளிலிருந்து பிறந்ததுதான் புகழ் பெற்ற கவென்ட்ரி சித்திரம். அதைப் பிறகு எண்ணெய் வர்ணத்தில் தீட்டினார்.

ஊர் எரிந்த மறுநாள் வேலைக்கு வந்த அந்தப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். சித்திரத்தில் அவள் இல்லை. ஆனால் அவள் நகர்ந்திராவிட்டால் அந்தச் சித்திரம் கிடைத்திருக்குமா?

அடுத்த வருஷம் எலிசபெத் ராணியார் வின்ட்ஸர் கோட்டையைத் தீட்டும்படி பைப்பரைப் பணித்தார். குண்டு விழுந்து கோட்டை போய்விட்டால் படமாவது மிஞ்சட்டும் என்ற கவலை! நீர்வர்ணம், குவாஷ், மசி எல்லாம் கலந்து, கறுத்த வானத்தின் கீழே வெளிச்சம் பட்ட சுவர்களை அவர் தீட்டினார். அவற்றைப் பார்த்த மன்னர் ஆறாம் ஜார்ஜ், “உங்களுக்கு வாய்த்த வானிலை சரியில்லையே!” என்கிற பாவனையில் அனுதாபப்பட்டாராம். கோட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. படங்களும் பத்திரமாக இருக்கின்றன.

லண்டனின் கிழக்குப் பகுதித் தெருக்கள் எரிந்தபோது கிரகாம் சதர்லண்டும் குவாஷ், மசி, சுண்ணக் குச்சி ஆகியவற்றால்தான் அந்தக் கரிந்த வரிசைகளைத் தீட்டினார். கரியின் மேல் நெருப்பின் மஞ்சளை வைக்க இதைவிடத் தோதான வர்ணம் ஏது?

விமானத்தைத் தேடிப் போனவர்

விமானங்களைத் தீட்டியவர்களில் இருவர் கதை விசித்திரமானது. பால் நாஷுக்கு ஆஸ்துமா. விமானத்தில் ஏற முடியாது. ஆகையால் விழுந்த விமானங்களைத் தீட்டினார். ஆக்ஸ்போர்டு அருகே கௌலியில் நொறுங்கிய ஜெர்மன் விமானங்கள் குவிந்து கிடந்ததைக் கண்டு, உறைந்த கடலின் அலைகளாக அவற்றைத் தீட்டிவிட்டார். 

எரிக் ரவீலியஸுக்கோ பறப்பதில் ஆசை. சஸெக்ஸ் கடற்கரையின் வெண்சுண்ணப் பாறைகளையும் கலங்கரை விளக்கையும் தீட்டியவர் அவர். யுத்தம் வந்ததும் நியூஹேவன் துறைமுகக் காவல் அரண்களைத் தீட்டினார். பிறகு ஓடுபாதையில் நிற்கும் விமானங்களை. அவர் கைக்கொண்டது குவாஷ் அல்ல, மெல்லிய நீர்வர்ணம். வெள்ளைக்காகக் காகிதத்தை விட்டுவைக்கும் பழைய முறை. அவர் சித்திரங்களில் காற்று வீசுவது போலவே இருக்கும்.

1942 ஆகஸ்டு கடைசியில் அவர் ஐஸ்லாந்துக்குப் போனார். அங்கே ஒரு விமானம் திரும்பி வரவில்லை. செப்டம்பர் 2-ந் தேதி அதைத் தேடிப் புறப்பட்ட விமானம் ஒன்றில் அவரும் ஏறிக்கொண்டார். அந்த விமானமும் திரும்பவில்லை. அவருக்கு வயது 39.

வீட்டில் மனைவி டிர்ஸா கார்வுட், மூன்று குழந்தைகள், கடைசிக் குழந்தைக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. டிர்ஸா கல்யாணத்துக்கு முன்பே பெயர் பெற்ற மரச்செதுக்கு ஓவியர். குடும்பம் வந்தபின் செதுக்குளியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, வர்ணக் கோலக் காகிதங்கள் செய்து விற்றார். அந்த வருஷ ஆரம்பத்தில்தான் அவருக்கு மார்புப் புற்றுநோய்க்கு ரண சிகிச்சை நடந்திருந்தது. தேறி வரும்போது தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். எழுதிய அதே வருஷத்தில் கணவர் போனார். நோய் திரும்பி வந்தபோதும் அவர் தூரிகையை விடவில்லை. கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபடி சின்னஞ்சிறு எண்ணெய் வர்ணச் சித்திரங்கள் பல தீட்டி, 1951-ல் 42-வது வயதில் கண்மூடினார். அவர் எழுதியது 2012-ல்தான் புத்தகமாயிற்று. 2024-ல் லண்டன் டல்லிச் சித்திர சாலையில் அவருக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி திறந்தார்கள். கணவரின் நிழலிலிருந்து அவர் வெளியே வர அத்தனை காலம் பிடித்தது.

கவென்ட்ரியில் இடிந்த தேவாலயத்தை இடிபாடாகவே விட்டுவைத்து, பக்கத்தில் புதிய தேவாலயம் எழுப்பி 1962-ல் திறந்தார்கள். அதில் ஞானஸ்நான மேடைக்குப் பின்னால் வானுயர்ந்த வர்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று. அதன் அமைப்பைத் தீட்டித் தந்தவர் வேறு யாருமல்ல, அதே பைப்பர்தான்! சுற்றிலும் ஆழ்ந்த நீலமும் சிவப்பும் பச்சையும். நடுவில் வெள்ளையும் பொன்னுமாக ஒரு ஜோதி. 22 வருஷங்களுக்கு முன் அந்த ஊரின் கரியைத் தீட்டிய கை அது.

இனிமேல் உங்கள் குழந்தை கறுப்புக் காகிதத்தில் வெள்ளை நிலாவை வைக்கும்போது, சட்டைக் கறைக்காக உடனே கோபித்துக்கொள்ளாதீர்கள். கறையை நாளைக்கும் துவைக்கலாம். நிலா உலரும் வரை கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்களேன்!