குளுக்கோமீட்டர் ஏன் கூட்டிக் காட்டுகிறது?

மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலில் குத்திப் பாருங்கள். குளுக்கோமீட்டர் சர்க்கரையைத் தாறுமாறாகக் கூட்டிக் காட்டும். ஸ்ட்ரிப் உறிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம். அதில் பழச்சாறு துளி கலந்தாலே கணக்கு மாறிவிடும்.

ஸ்ட்ரிப்பில் பூசிய நொதி, குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கிறது. அதனால் எழும் மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாக மாற்றுகிறது. சிக்கல் இங்கேதான். ரத்தசோகை உள்ளவருக்குச் சிவப்பணுக்கள் குறைவு. குளுக்கோஸ் தடையின்றி நொதியை எட்டும், எண்ணும் ஏறிவிடும். தாழ்சர்க்கரையில் மயங்கப் போகிறவரிடம் மீட்டர் 'எல்லாம் சரி' என்று சொன்னால் எவ்வளவு ஆபத்து! அதனால் சில புதிய கருவிகள், மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்து ரத்தத்தின் மின் எதிர்ப்பையும் அளந்து, சிவப்பணு விகிதத்தைக் கணித்து, விடையைத் திருத்துகின்றன.

ஐஎஸ்ஓ 15197 தரநிலையின்படி (2013), சர்க்கரை 100 மி.கி.க்கு மேலிருந்தால் 95% அளவீடுகள் ஆய்வக அளவிலிருந்து 15%க்குள் இருக்க வேண்டும். அதாவது, ஆய்வகத்தில் 200 என்றால் வீட்டில் 170 காட்டலாம், 230-உம் காட்டலாம். இரண்டும் கோளாறு அல்ல.

கையைக் கழுவியபின் நன்றாகத் துடையுங்கள். ஈரம் ரத்தத்தை நீர்த்துவிடும். ஸ்ட்ரிப் டப்பாவையும் உடனே மூடுங்கள். காற்றின் ஈரப்பதத்தில் நொதி கெட்டுவிடும்.