ஒன்றைப் பிடுங்கினால் பத்து முளைக்குமா?

பதுளையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தலையில் தென்பட்ட முதல் நரையைப் பிடுங்கப் போனாராம். "ஒன்னப் புடுங்குனா பத்து மொளைக்கும்" என்று அப்பாயி கையைத் தட்டிவிட்டாராம். அதே வாரம் கைபேசியில் ஓர் எண்ணெய் விளம்பரம் வந்ததாம். முடியைப் பிடுங்கினால் பல மடங்காக வளரும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள், எங்கள் எண்ணெய் பிடுங்காமலேயே அதைச் செய்துவிடும் என்கிறது அது. எதை நம்புவது? கடைசி வரியில் இன்னொரு கேள்வி: அப்பாயியின் உச்சியில் கொழுந்துக்கூடைக் கயிறு கிடந்து கிடந்து முடி கொட்டிய இடத்துக்கு இந்த எண்ணெய் உதவுமா?

அப்பாயி சொன்னது பிழை. விளம்பரம் சொல்வது புளுகு. ஆனால் அந்தப் புளுகு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆய்வு மெய்யானது, அழகானதும்கூட.

2015இல் 'செல்' ஆய்விதழில் அது வெளியானது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் செங்-மிங் சுவாங், தாய்வானைச் சேர்ந்த சிஹ்-சியாங் சென் முதலானோர் சுண்டெலிகளின் முதுகில், மயிர்க்கால்கள் ஓய்விலிருந்த நேரம் பார்த்து 200 மயிர்களைப் பிடுங்கினார்கள். எண்ணிக்கையை மாற்றவில்லை, பரப்பை மட்டும் மாற்றினார்கள். 6 மில்லிமீற்றரை மிஞ்சிய விட்டமுள்ள வட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடுங்கியபோது எதுவும் முளைக்கவில்லை, பிடுங்கிய 200கூடத் திரும்பவில்லை. அதே 200ஐ 3 முதல் 5 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் நெருக்கிப் பிடுங்கியபோது 450 முதல் 1,300 வரை முளைத்தன. கையே படாத மயிர்க்கால்களும் எழுந்துவிட்டன, வட்டத்துக்கு வெளியே இருந்தவையும்கூட.

எப்படி? தோட்டத்தில் வேலைநிறுத்தம் தொடங்குகிற விதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு லயத்தில் ஒரு வீட்டுக் கூரை ஒழுகினால் துரையின் காதில் விழாது. மேல் டிவிசனில் ஒன்று, கீழ் டிவிசனில் ஒன்று என்று ஒழுகினாலும் விழாது. ஒரே லயத்தில் வரிசையாக ஒழுகட்டும். கூச்சல் கேட்டுத் தலைவர் வருவார், டவுனிலிருந்து சங்கப் பிரதிநிதி வருவார், மறுநாள் காலை பெரட்டுக்கு ஒருவரும் போகமாட்டார்கள். கூரை ஒழுகாத வீட்டுக்காரரும் சேர்த்துத்தான்.

பிடுங்கப்பட்ட மயிர்க்கால் சி.சி.எல்.2 என்ற புரதத்தைக் கசியவிடுகிறது. அதுதான் கூச்சல். ஒன்றிரண்டின் கூச்சல் சுற்றியுள்ள திசுவில் கரைந்து போகும். நெருக்கமாக இருக்கும் பல மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் செறிவு ஓர் எல்லையைத் தாண்டி, மக்ரோபேஜ் எனும் நோயெதிர்ப்புக் கலங்களை அந்த இடத்துக்கு இழுத்து வருகிறது. பிரதிநிதிகள் வந்தாயிற்று. அவை டி.என்.எஃப். அல்பா என்ற இன்னொரு புரதத்தை வெளியிடுகின்றன. அது பிடுங்கப்பட்டது, பிடுங்கப்படாதது என்று பார்க்காமல் அக்கம்பக்கத்து மயிர்க்கால்கள் எல்லாவற்றிலும் உறங்கிக் கிடக்கும் குருத்துக் கலங்களை எழுப்புகிறது. மக்ரோபேஜ்களை அகற்றிவிட்டுப் பிடுங்கினால் இந்த மீள்வளர்ச்சி தடைப்படுகிறது. பக்டீரியாக்களும் இப்படித் தலை எண்ணித்தான் பல காரியங்களில் இறங்குகின்றன. ஒரு பாலூட்டியின் உறுப்புகள் தங்களுக்குள் தலை எண்ணுகின்றன என்பதுதான் இங்கே புதுமை.

1940இல் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு குழுவையே தெரிவுசெய்து, அதனுடன் கலந்துபேசி நடக்கத் துரையைச் சம்மதிக்க வைத்தார்கள். மயிர்க்கால்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. அவை ஒன்றுகூடுவதும் வேலையை நிறுத்த அல்ல, தொடங்க. ஒப்பீட்டை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

இனி எண்ணெய்க்காரர். அந்த 1,300 மயிர்களில் ஒன்றுகூடப் புதிய மயிர்க்காலில் முளைக்கவில்லை. எல்லாம் ஏற்கெனவே இருந்து உறங்கியவை. அதிலும் சுண்டெலியின் முதுகில் பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள் அலையலையாகச் சேர்ந்தே உறங்கிச் சேர்ந்தே விழிக்கும். நம் தலையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாட்காட்டி: சில வருடங்கள் வளரும், ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வெடுக்கும். எந்த நேரத்திலும் பத்தில் ஒன்பது அளவு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். விழித்திருப்பவரை எழுப்ப முடியாது.

நரை விஷயம் இன்னும் எளிது. ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் நிறமூட்டும் கலங்கள் சொந்தமாக உண்டு. ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்திலிருப்பது வெளுக்காது. பிடுங்கிய இடத்தில் ஒன்றே ஒன்று முளைக்கும், அதுவும் வெள்ளையாக. மற்ற ஒன்பதும் வயது கொண்டுவருபவை, பிடுங்காவிட்டாலும் வரும்.

வளர்ந்த விலங்கில் புது மயிர்க்கால் உருவாகவே உருவாகாதா? முயலின் தழும்பில் உருவானதாக 1954இலேயே பிரீடிஸ் எழுதினார். 2007இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் கொட்சரேலிஸ் குழு, சுண்டெலியின் பெரிய காயம் ஆறும்போது அது நடப்பதைக் காட்டியது. வழுக்கைக்கு விடிவு என்ற கொண்டாட்டத்தில், அந்த மயிர்கள் நிறமில்லாமல் முளைத்தன என்பது அமுங்கிப்போனது. அதிலிருந்து இன்றுவரை கடைக்கு ஒரு மருந்தும் வரவில்லை.

அப்பாயியின் உச்சிக்கு வருவோம். ஒருமுறை பிடுங்குவது வேறு, வருடக்கணக்கில் தினமும் அழுத்தி இழுப்பது வேறு. ஆரம்பத்தில் இழுவையை நிறுத்தினால் முடி திரும்பும். நீடித்தால் மயிர்க்கால் சுருங்கி அந்த இடம் தழும்பாகிவிடும். எழுப்புவதற்கு அங்கே யாரும் உறங்கவில்லை. அப்பாயிக்கு எந்த எண்ணெயும் உதவாது. இன்றும் கூடையையோ சாக்கையோ தலையில் மாட்டுகிறவர்கள் கயிற்றுக்கடியில் தடித்த துணியை மடித்து வையுங்கள், கயிறு விழும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், கொண்டையை இறுக்காதீர்கள். முடி மெலியத் தொடங்கியதுமே, தோல் வழுவழுப்பாகும்வரை காத்திராமல், பதுளை வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள்.