மஞ்சட் சீட்டு

விக்டர் ஹியூகோ 1862 இல் வெளியிட்ட பிரெஞ்சுப் பெருங்கதையைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழிற் பெயர்த்துத் தந்தார். அப்பெயராலேயே 1950 இல் கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோவினர் அதனைப் படமாக்கினர். நெறிப்படுத்தியவர் கே. ராம்நாத், நாயகர் நாகையா. எட்டாண்டு கழித்துப் பிரெஞ்சுக்காரரும் ழான் கபேனை நாயகராக்கித் தம் மொழியில் மீண்டும் எடுத்தனர். எது சிறந்தது என்று வழக்காடுவோர் உளர். நாகையாவிடம் கண்ணீர் சற்று மிகுதி, கபேனிடம் மௌனம் சற்று மிகுதி என்பதற்கு மேல் அவ்வழக்கில் எனக்கு நாட்டமில்லை.

என் நெஞ்சை உறுத்துவது அக்கதையில் வரும் ஒரு கடுதாசி. ரொட்டி திருடியமைக்கு ஐந்தாண்டு, தப்பியோட முயன்றமைக்குப் பதினான்காண்டு, ஆக 19 ஆண்டு சிறையிருந்த ழான் வால்ழான் வெளியே வருங்கால் அவன் கையில் மஞ்சட் சீட்டொன்று தரப்படுகிறது. செல்லும் ஊர்தோறும் அதனைக் காட்டல் வேண்டும். காட்டினாலோ சத்திரத்தில் இடமில்லை. பாதிரியார் ஒருவரின் கருணையால் மனந்திருந்திய அவன், பழைய பெயரைத் துறந்து, வேற்றூரிலே தொழிலதிபனாகி நகரபிதாவாகவும் உயர்கின்றான்.

பெயரை மாற்றி வாழ்தல் பிரான்சு தேசத்திற் கூடும். எங்கள் கல்முனைக் கரையிற் கூடுமோ? மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரை ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இப்பகுதியிலே, ஒருவனை அறியுமுன் அவன் குடியை அறிந்துவிடுவர். தாய்வழியாக வரும் அக்குடிப்பெயரை எந்த அலுவலகத்திலும் மாற்ற இயலாது.

சில ஆண்டுகளின் முன், சிறைமீண்ட என் பழைய மாணாக்கன் ஒருவன், வெளிநாட்டு வேலைக்கென நற்சான்றிதழ் வேண்டி என் வாயிலில் நின்றான். "சேர், நான் திருந்தினது எனக்குத் தெரியும். அதக் கடுதாசில எழுதித்தர ஆளில்லையே" என்றான். எழுதினேன். அவன் கற்ற திறத்தையும், சிறை சென்றதையும், மீண்டபின் ஈராண்டு கரைவலை இழுத்து உழைத்துண்டதையும் ஒளிக்காது எழுதினேன். வாசித்தான், நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதனை அவன் எவரிடமும் காட்டவேயில்லை என்று பின்னர் அவன் உம்மா சொன்னார்.

நிற்க. வால்ழானை விடாது துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவரைக் கொடியவன் என்றே பலரும் கொள்வர். நாவலை ஊன்றிக் கற்றார்க்கு வேறொன்று புலனாகும். ஜாவர் சிறையிலே பிறந்தவன். தாய் குறிசொல்பவள், தந்தை தண்டனைக் கைதி. அவனும் தன் பிறப்பினின்றும் ஓடுகின்றவனே. ஒருவன் அன்பினுள் ஒளித்தான். மற்றவன் சட்டத்தினுள் ஒளித்தான். தான் துரத்தியவனாலேயே உயிர்ப்பிச்சை பெற்றபின், அவனைப் பிடிக்கவும் மாட்டாமல், விடவும் மாட்டாமல், சேன் ஆற்றில் வீழ்ந்து மாய்கின்றான். இப்பகுதியை வாசிக்குந்தோறும் எனக்கு இரக்கம் வால்ழானைவிட ஜாவரிடமே மிகுகின்றது.

தமிழ்ப் படத்தில் அவ்வேடம் புனைந்தவர் சீதாராமன். அன்று தொட்டு அவர் 'ஜாவர்' சீதாராமன் ஆனார். 1954 இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்துக்கு வசனம் எழுதியதோடு, கொலையை ஆராயும் அதிகாரியாகவும் அவரே நடித்தார். பின்னாளில் 'உடல் பொருள் ஆனந்தி' முதலிய தொடர்கதைகளை எழுதிப் பெயர் பெற்றபோதும், ஆசிரியர் பெயர் ஜாவர் சீதாராமன் என்றே அச்சாயிற்று.