குலுக்கல் சீட்டில் உங்கள் பெயர் எப்போது வரும்?

20 பேர் சேர்ந்து ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கட்டும் குலுக்கல் சீட்டு ஒன்று. பெயர்களைத் துண்டுத் தாளில் எழுதி, மடித்து, டப்பாவில் போட்டுக் குலுக்கி, மாதம் ஒன்று எடுக்கிறார்கள். பெயர் வந்தவருக்கு இருபதாயிரம். அவர் பெயர் திரும்ப டப்பாவுக்குள் போகாது. (சீட்டு பிடிப்பவர் முதல் மாதத்தைத் தானே எடுத்துக்கொள்வதும் உண்டு. இங்கே அதை விட்டுவிடுவோம்.) பள்ளிப் புத்தகத்தில் பையிலிருந்து வண்ணப் பந்து எடுப்பார்களே, அதே நிகழ்தகவுக் கணக்குத்தான் இது. ஆனால் இங்கே பணம் கைமாறுகிறது என்பதால் மனசு ஒன்றிக் கணக்குப் போடும்.

செல்வி என்பவரின் பெயர் முதல் மாதமே வர வாய்ப்பு 1/20. இதில் சந்தேகம் இல்லை. இரண்டாம் மாதம்? 1/19 என்பார்கள் பலர். முதல் மாதம் தன் பெயர் வரவில்லை என்று தெரிந்த பிறகு செல்வி கேட்டால் அது சரியான விடை. சீட்டு தொடங்கும் முன்பே கேட்டால் கணக்கு வேறு. முதல் மாதம் அவர் பெயர் வராமல் இருக்க வேண்டும். அதற்கு வாய்ப்பு 19/20. அதன்பின் மீதமுள்ள 19 தாள்களில் அவருடையது வர வேண்டும், அது 1/19. இதுவும் நடந்து அதுவும் நடக்க வேண்டுமானால் பெருக்க வேண்டும்: 19/20 × 1/19 = 1/20. மூன்றாம் மாதத்துக்கு 19/20 × 18/19 × 1/18. மேலும் கீழும் அடிபட்டு மறுபடி 1/20 வந்து நிற்கிறது. கடைசி மாதம் வரை இப்படியேதான். வரிசையில் நின்று ஆளுக்கொரு சீட்டு எடுக்கும் இடத்திலும் முதலில் எடுப்பவருக்குத் தனி யோகம் எதுவும் கிடையாது, முண்டியடிக்கத் தேவையில்லை.

இனிமேல்தான் பலரும் சறுக்கும் இடம். செல்வியின் நாத்தனார்கள் இருவரும் அதே சீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் மூவரில் ஒருவருக்காவது விழுமா? மாதத்துக்கு 3/20, மூன்று மாதத்துக்கு 9/20, அதாவது 45 சதவீதம் என்று வாய்க்கணக்கு சொல்லும். அது தப்பு. மூவரில் இரண்டு பேருக்கு விழுந்துவிட்டால், அந்த ஒரே வாய்ப்பை இரண்டு தடவை எண்ணிவிடுகிறோம்.

‘ஒருவருக்காவது’ என்று கேள்வி வந்தாலே தலைகீழாகப் பிடிப்பதுதான் சுலபம். ஒருவருக்குமே விழாமல் போக என்ன வாய்ப்பு? 17/20 × 16/19 × 15/18. சுருக்கினால் 34/57, ஏறக்குறைய 60 சதவீதம். மீதி 40 சதவீதம்தான் அந்தக் குடும்பத்துக்கு உள்ள நம்பிக்கை. கட்டணத்துக்கு வேறு வழியும் பார்த்து வைப்பது நல்லது.

இவ்வளவும், ஒவ்வொரு தாளுக்கும் சம வாய்ப்பு இருந்தால்தான் செல்லும். 1969 டிசம்பர் 1 அன்று, வியட்நாம் போர்க்காலத்தில், அமெரிக்கா ராணுவத்துக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் நடத்தியது. 366 பிறந்தநாள்கள், 366 பிளாஸ்டிக் குப்பிகள். முதலில் வரும் தேதியில் பிறந்தவர்களுக்கு முதலில் அழைப்பு. கடைசியில் 195-ஆம் எண் வரை அழைத்தார்கள். நன்றாகக் கலந்திருந்தால் டிசம்பரின் 31 நாள்களில் 16 அல்லது 17 நாள்கள் அதற்குள் வந்திருக்கும். வந்தவை 26. மாதவாரியாகப் போட்ட குப்பிகள் சரியாகக் கலக்கவில்லை என்பது புள்ளியியலாளர்கள் சொன்ன காரணம். ஆண்டின் கடைசியில் பிறந்த இளைஞர்களுக்கு அது பெரிய அநியாயம்.

எனவே உங்கள் சீட்டில் தாள்கள் ஒரே அளவில், ஒரே மடிப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டப்பாவில் போடும்முன் எல்லோர் கண்ணெதிரிலும் எண்ணச் சொல்லுங்கள். குலுக்கியது போதாது என்று பட்டால் இன்னொரு தடவை குலுக்கச் சொல்லிக் கேளுங்கள். பணம் கட்டுகிற யாரும் அதைக் கேட்கலாம்.