படைநாயும் படைவீராங்கனையும்

நாய் நன்றியுள்ள பிராணி என்பதை நாம் பாலர் வகுப்பிலேயே படித்துவிடுகின்றோம். அதன் நன்றியைப் பற்றிய கதைகளுக்கும் நம்மிடையே குறைவில்லை. ஆனால், நாய்க்கு மனிதன் செலுத்தவேண்டிய நன்றி யாது என்று கேட்டவர் சிலரே. 2017ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்த ‘மேகன் லீவி’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் அக்கேள்வியையே எழுப்புகின்றது. போர்ப்படம் என்று கேள்வியுற்று, பீரங்கி முழக்கத்தை எதிர்பார்த்து இதைப் பார்க்கச் செல்லும் நேயர்கள் சிறிது ஏமாற்றமடையவும் கூடும்.

இது உண்மைக் கதை. நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த மேகன் லீவி என்னும் இளம்பெண், 2003ஆம் ஆண்டில் அமெரிக்க மரைன் படையிற் சேர்ந்தார். அங்கே வெடிபொருள்களை மோப்பம் பிடிக்கும் ரெக்ஸ் என்னும் ஜேர்மன் ஷெப்பேட் நாய் அவர் பொறுப்பில் விடப்பட்டது. 2005இல் பலூஜாவிலும், 2006இல் ரமாதியிலும் இருவரும் பணிபுரிந்தனர். ஈராக்கிலுள்ள இவ்விரு நகரங்களிலும் அக்காலத்தில் வீதியோரத்துக் குண்டுகளுக்குப் பலியானோர் பலர்.

இத்தகைய நாயின் வேலை எப்படி நடைபெறுகின்றது என்பதைச் சற்று விளக்குதல் நன்று. மண்ணுக்குள் புதைத்த வெடிபொருளிலிருந்தும் நுண்ணிய ஆவி கசிந்துகொண்டே இருக்கும். நம் மூக்குக்கு எட்டாத அவ்வாடையை நாய் வேறுபிரித்து அறியும். ஆயினும், தான் தேடுவது உயிர்குடிக்கும் பொருள் என்று நாய்க்குத் தெரியாது. அந்த வாடையைக் கண்டுபிடித்தால் தன் விளையாட்டுப் பொருள் கிடைக்கும் என்றே அதற்குப் பழக்குகின்றார்கள். ஆகவே, மனிதனுக்கு மரணபயமாக இருப்பது நாய்க்கு ஒரு விளையாட்டு. வாடையை உணர்ந்ததும் அது குரைப்பதில்லை. காலால் மண்ணைக் கிளறுவதுமில்லை. கிளறினால் குண்டு வெடித்துவிடுமல்லவா? ஓசையின்றி அவ்விடத்திலே அமர்ந்துவிடும். அதன் பொருளை உணர்ந்துகொள்வது கயிற்றைப் பிடித்திருப்பவரின் கடமை. வெப்பத்தினால் இளைக்கும் நாய் வாயால் மூச்சு விடுவதால் அதன் மோப்பத்திறன் குன்றும். அந்நேரத்தில் வேலையை நிறுத்தி நீர் கொடுக்கவேண்டும். இத்தனையையும் கவனித்துக்கொண்டு இருவரும் படைக்கு முன்னே நடக்கவேண்டும். பின்னே வருபவர்களின் உயிர் அந்த மூக்கை நம்பியிருக்கின்றது.

பயிற்சியின் தொடக்கத்தில் நாயையே கொடுப்பதில்லை என்பது ஒரு வேடிக்கை. வெறும் தோட்டாப் பெட்டியொன்றைக் கயிற்றிற் கட்டிக் கொடுத்து, அதனுடன் பேசவும் அதைப் பாராட்டவும் செய்கிறார்கள். தகரப் பெட்டியைக் கொஞ்சக் கூசுகிறவர், ஆயிரம்பேர் நடுவே நாயையும் பாராட்டமாட்டார் என்பது ஆசிரியர்களின் கருத்துப் போலும்!

2006ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் ரமாதியில் ஒரு குண்டு வெடித்தது. மேகனும் ரெக்ஸும் காயமுற்றனர். இருவருக்கும் நெடுங்காலச் சிகிச்சை தேவைப்பட்டது. பின்னர் மேகன் படையை விட்டு விலகினார். ரெக்ஸைத் தம்முடன் அழைத்துச்செல்ல விரும்பிக் கேட்டார்; கிடைக்கவில்லை. ரெக்ஸ் மீண்டும் பணிக்குச் சென்றது.

படத்தின் உயிர் இங்கேதான் இருக்கின்றது என்பேன். முற்பகுதியில் வரும் குடும்பச் சச்சரவும் காதலும் அவசரமாகச் சொல்லப்பட்டவை. ஈராக்கிய மக்களின் துயரம் கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றது; அவர்தம் வீட்டினுள் நாய் நுழையும்போது அவர்கள் என்ன எண்ணினர் என்று படம் கேட்கவில்லை. ஆனால், போர் முடிந்து வீடு திரும்பிய பெண் கடதாசிகளுடனும் அலுவலகங்களுடனும் போராடும் பகுதி நெஞ்சைத் தொடுகின்றது. மேகனாக நடித்த கேற் மாரா அதிகம் அழுவதில்லை; வெறுமையான முகத்தினாலேயே அத்துயரை உணர்த்துகின்றார். இயக்குநர் கப்ரியேலா கௌபர்த்வெயிட், காட்சிசாலையில் அடைபட்ட ஓர்க்கா திமிங்கிலங்களைப் பற்றி 2013இல் ‘பிளாக்பிஷ்’ என்னும் விவரணப்படத்தை எடுத்தவர். மனிதனின் தேவைக்காகப் பிடித்துவைத்த விலங்குகளின் கதி அவருக்குப் புதிய பொருளன்று.

இந்தப் போராட்டத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கா ஏறத்தாழ 4,000 நாய்களை ஈடுபடுத்தியது. அவை படையின் ஏட்டில் உபகரணங்கள் என்றே பதியப்பட்டன. கூடாரத்துக்கும் வாகனத்துக்கும் இருந்த நிலைதான் அவற்றுக்கும். படைகள் திரும்பியபோது பெரும்பாலானவை அங்கேயே விடப்பட்டன; அல்லது கொல்லப்பட்டன. 2000ஆம் ஆண்டு நவெம்பரில்தான், ஓய்வுபெற்ற படைநாய்களைத் தகுந்தவர்கள் ஏற்று வளர்க்கலாம் என்னும் சட்டம் பிறந்தது. ரொபி என்னும் நாயின் பெயரால் அது வழங்கப்படுகின்றது. அந்த ரொபிக்கோ சட்டம் உதவவில்லை. முன்னாட் பராமரிப்பாளர் அதைக் கேட்டும் பெறமுடியாமற் போக, 2001இன் தொடக்கத்தில் அது இறந்தது.

சட்டம் இருந்தும் ரெக்ஸின் வழி எளிதாகவில்லை. முன்கோபமுள்ள நாய், கடிக்கப் பழகிய நாய், வீட்டுக்கு உகந்ததா என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தை நாம் முற்றாகத் தள்ளிவிட முடியாது. அயல்வீட்டுக் குழந்தைகளைப் பற்றியும் எவராவது எண்ணத்தானே வேண்டும்? எனினும், அதன் சுபாவத்தை மேகனைவிட அறிந்தவர் யார்? முகத்தில் ஏற்பட்ட வாதத்தினால் ரெக்ஸ் பணிக்கு உதவாதென்று ஆனபின், நியூயோர்க்கின் செனற் சபை உறுப்பினர் சக் ஷூமர் முயற்சி செய்தார். ஆயிரக்கணக்கானோர் மனுவிற் கையொப்பமிட்டனர். 2012 ஏப்பிரலில் ரெக்ஸ் மேகனின் வீட்டுக்கு வந்தது. அடுத்த மாதம் நியூயோர்க்கின் யாங்கி விளையாட்டரங்கில் இருவரும் கௌரவிக்கப்பட்டனர்.

படம் அந்த மகிழ்ச்சியோடு நிறைவுறுகின்றது. ரெக்ஸ் அவ்வீட்டில் வாழ்ந்தது எட்டு மாதங்கள். அதே ஆண்டு டிசெம்பரில் அது இறந்தது.